‘அப்புறம் என்ன?’ – ஓர் அப்பாவின் கேள்வியும் கடலூர் இந்துமதியும்



இந்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு வேறொரு பாடம்தான் தயாராக இருந்தது. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு காற்பந்து ஆட்டக்காரியைப் பற்றி எழுதுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம், எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமய வகுப்பு முடிந்து பிள்ளைகள் மைலோ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஓர் அப்பா வந்து கேட்ட கேள்வி.

எங்கள் தோட்டம் பகாவ் பக்கம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து ரொம்ப காலமாகிவிட்டது. லயத்தில் பாதி வீடுகளில் இப்போது வெளிநாட்டுத் தம்பிகள். நம்மவர்கள் பலர் தாமான் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள், திருவிழாவுக்கு மட்டும் வருவார்கள். மிச்சம் இருப்பது அம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, ரெண்டுக்கும் நடுவில் ஒரு திடல். அந்த அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அவருடைய மகள் மூன்றாம் படிவம். என் வகுப்பில் நன்றாகப் பாடுகிற பிள்ளை.

“டீச்சர், நீங்க சொன்னா கேப்பா. பந்து விளையாட்ட நிறுத்தச் சொல்லுங்க” என்றார்.

கோபக்காரர் இல்லை அவர். பொறுமையாகத்தான் விளக்கினார். “பள்ளிக்கூடக் குழுவுல ஆடுறா, சரி. இப்ப மாவட்டத்துக்குக் கூப்பிடுறாங்களாம். வாரத்துல ரெண்டு நாள் டவுன்ல பயிற்சி. முடிய ஏழு மணியாயிடும். நான் காலையில நாலரைக்கு எந்திரிக்கிற ஆளு. யாரு கூட்டிட்டு வர்றது? சரி, அதையும் எப்படியோ பார்த்துக்கிட்டாலும்... அப்புறம் என்ன டீச்சர்? பொம்பளப் புள்ள பந்து ஆடி அப்புறம் என்ன?”

எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வாரம் டைம் கொடுங்க அண்ணே என்று மட்டும் சொன்னேன்.

பதில் வராததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வகுப்பில் இன்னொரு பிள்ளை இருந்தாள். அவளும் ஆடினாள், பையன்களோடு சேர்ந்து அதே திடலில். தேவாரப் போட்டி நெருங்கிய சமயம், பயிற்சிக்கு ரெண்டு முறை வரவில்லை. “பாட்டா, பந்தா? ரெண்டுல ஒன்னப் பாரு” என்று எல்லார் முன்னாடியும் சொன்னேன். அவள் பந்தை நிறுத்தினாள். மூணு மாதத்தில் வகுப்புக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். போன வருஷம் சிரம்பானில் ஒரு பேரங்காடியில் காசு வாங்குகிற இடத்தில் அவளைப் பார்த்தேன். “டீச்சர், இப்பவும் ஞாயித்துக்கிழமை வகுப்பு இருக்கா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பந்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றைக்கு அவளுடைய அப்பாவோ அம்மாவோ அவளை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னது நான்.

அந்த ஒரு வாரத்தில் படித்ததைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன்.

முதலில் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீங்களும் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். நமக்குத் தெரிந்த தமிழ்க் காற்பந்து ஆட்டக்காரர்கள் யார் யார்? பையன்கள் கத்த ஆரம்பித்தார்கள். எஸ். குணாளன் பெயர் முதலில் வந்தது. 2009-ல் நெகிரி செம்பிலான் குழு கிளந்தானை 3-1 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது அதில் ஆடியவர். மறு வருஷம் கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற தேசியக் குழுவிலும் ஆடியவர். அதற்கு மேல் பழைய பெயர்களை எல்லாம் அப்பாக்களிடம் கேட்டுச் சொன்னார்கள். சரி, ஒரு பெண் பெயர் சொல்லுங்க என்றேன். மைலோ உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

அதனால் கடலூருக்குப் போவோம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில், பாண்டிச்சேரிக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிற ஊர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அரசு அங்கே இல்லம் நடத்தியது. அந்த ஊரில் மாரியப்பன் என்கிற பயிற்றுநர், சுனாமியில் பாதிக்கப்பட்ட பெண்பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பெரிய அரங்கம் எதுவும் இல்லை. ஒரு திடல், ஒரு மனிதர், விடாமல் வருகிற பிள்ளைகள். அதிலிருந்து இந்திரா காந்தி பெயரில் ஒரு விளையாட்டுக் கல்விக் கழகம் வளர்ந்தது. இந்தியப் பெண்கள் லீக் 2016-17-ல்தான் முதல்முறை நடந்தது. அடுத்த பருவத்திலேயே இந்தக் கடலூர்க் கழகத்தின் குழு அதில் ஆடியது. ஊர்ப்பிள்ளைகள் பலர் இந்திய அணிக்குப் போனார்கள். கடலூர் மாவட்டத்தில் அரசு இல்லத்தில் வளர்ந்த சந்தியா ரங்கநாதன் அவர்களில் ஒருவர். இன்னொருவர்தான் இந்துமதி கதிரேசன், 1994-ல் பிறந்தவர், மத்தியத் திடல் ஆட்டக்காரர்.

இந்த மத்தியத் திடல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊரில் பந்து பார்க்கிறவர்கள் கோல் அடிப்பவரைத்தான் பார்ப்பார்கள், அதற்கப்புறம் கோல்காப்பாளரை. நடுவில் ஓடுகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை.

திருவிழா அன்னதானத்தில் சாம்பார் வாளி தூக்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பந்தியில் நல்லாப் பரிமாறுகிற ஆள் ஓர் இலைக்கு ஊற்றும்போதே அடுத்த நாலு இலையைப் பார்த்துவிடுவார். எங்கே சோறு தீர்ந்திருக்கு, எந்தத் தாத்தா கையை நீட்டுறார், வாளியில் எவ்வளவு மிச்சம், சமையல்கட்டுக்கு எப்போது குரல் கொடுக்கணும், எல்லாம் மனசில் ஓடும். மோசமான ஆள் கரண்டியை மட்டும் பார்ப்பான். திடலிலும் அப்படித்தான். மத்தியத் திடல் ஆட்டக்காரருக்கு நாலு பக்கமும் ஆள். முதுகுக்குப் பின்னாலும் எதிரணி. பந்து காலுக்கு வந்தபிறகு தலையைத் தூக்கிப் பார்த்தால் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். பந்து வருவதற்கு முன்னாலேயே வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் முதல் தொடுதலிலேயே திரும்ப முடியும், அல்லது தொட்டவுடனே தள்ளிவிட முடியும். தற்காப்பில் ஒருவர் ஏறிப் போனால் அவர் விட்ட இடத்தில் போய் நிற்பதும் இவர் வேலைதான். தொண்ணூறு நிமிஷமும் ஓடுகிற இடம் இது. பேர் வாங்குகிற இடம் இல்லை.

இந்துமதி அந்த இடத்தில் ஆடியவர். ஆனால் சரியான நேரத்தில் முன்னேறிக் கோலும் போடுவார். சிலிகுரியில் நடந்த தெற்காசியப் பெண்கள் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில், 2017 ஜனவரியில், இந்தியா வங்காளதேசத்தை 3-1 என்று வென்றது. மூன்றாவது கோல் இவருடையது. 2019 மார்ச்சில் நேப்பாளத்தின் விராட்நகரில் நடந்த அதே போட்டியில், அரையிறுதியில் வங்காளதேசத்துக்கு எதிராக 4-0. அதில் ரெண்டு கோல் இவர் போட்டார். இறுதியில் நேப்பாளத்தை 3-1 என்று வென்று, இந்தியா தொடர்ந்து ஐந்தாவது முறையாக அந்தக் கிண்ணத்தை எடுத்தது.

தமிழ்நாட்டுக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஒரே ஆளின் கதை கிடையாது. இந்தியப் பெண்கள் காற்பந்து என்றால் பல வருஷமாக மணிப்பூர்தான். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் அந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று வென்று முதல்முறையாகக் கிண்ணத்தைத் தூக்கியது. அடுத்த வருஷம் மே மாதம், மதுரையின் சேது கழகம் லூதியானாவில் மணிப்பூர்ப் போலீஸ் குழுவை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக்கையே எடுத்தது. இந்துமதி அந்தச் சேது குழுவில் ஆடினார். 2022-ல் ஆசியக் கிண்ணத்துக்கான இந்திய அணியை அறிவித்தபோது இந்துமதியோடு கார்த்திகா அங்கமுத்து, சௌமியா நாராயணசாமி, மாரியம்மாள் பாலமுருகன் என்று தமிழ்ப் பெயர்கள். மாரியம்மாள் என்று சொன்னதும் என் வகுப்பில் ஒரு குட்டிப் பெண் திரும்பிச் சந்நிதியைப் பார்த்தாள்.

அந்தக் கிண்ணம் என்னாச்சு தெரியுமா? இந்தியாவே நடத்தியது. முதல் ஆட்டத்தில் ஈரானோடு 0-0. அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் கோவிட். அணியில் இத்தனை பேருக்குத் தொற்று வந்தது, குறைந்தபட்சம் வேண்டிய 13 பேர்கூட இல்லை. போட்டியிலிருந்து விலகியதாகக் கணக்கு வைத்துவிட்டார்கள். வருஷக்கணக்கில் தயார் பண்ணினது, ஒரே ஆட்டத்தோடு முடிந்தது. விளையாட்டில் இப்படியும் நடக்கும் என்று பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாம் சொல்கிற வெற்றிக் கதைகளில் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

இப்போது அந்த அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அப்புறம் என்ன?

சம்பளத்திலிருந்து ஆரம்பிப்போம். 2023-ல் அகில இந்தியக் காற்பந்துச் சம்மேளனம் ஒரு முடிவு எடுத்தது. லீக்கின் மேல்தட்டில் ஆடும் ஒவ்வொரு கழகமும் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரிகளுக்காவது வருஷத்துக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும் என்று. பெரிய விஷயமாகப் பேசினார்கள், பெரிய விஷயம்தான். அதற்கு முன்னால் அந்தத் தரை கூட இல்லை. ஆனால் நம் காசில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வருஷத்து மதிப்பில் பதினேழாயிரம் வெள்ளிச் சொச்சம். மாதத்துக்கு 1,500 வெள்ளி முழுசாக வராது. அப்போது நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே 1,500 வெள்ளி. அதோடு இந்தக் கால்கள் எத்தனை வருஷம் ஓடும்? முட்டியில் ஒரு தசைநார் அறுந்தால் பல மாதம் ஆட முடியாது. அப்பாக்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்துமதி என்ன செய்தார்? தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2020-ல் ஊரடங்கு வந்து எல்லா ஆட்டமும் நின்றபோது, மற்ற ஆட்டக்காரர்கள் வீட்டுக்குள் பந்தைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் சென்னையில் சீருடையோடு சாலையில் பணியில் நின்றார். இந்திய அணியின் இன்னொரு மத்தியத் திடல் ஆட்டக்காரி, வங்காளத்தின் சங்கீதா பாஸ்போர், எல்லைக் காவல் படையில் வேலை பார்ப்பவர். 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று, தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்தே இந்தியா முதல்முறையாக ஆசியக் கிண்ணத்துக்குத் தேர்வானது. ரெண்டு கோலும் சங்கீதா போட்டதுதான். அங்கே ரயில்வே, போலீஸ், எல்லைப் படை எல்லாம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுக்கின்றன. பந்து வேலையைக் கொண்டு வருகிறது, வேலை பந்தைத் தாங்குகிறது.

இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. நான் பன்னிரண்டு வருஷம் முன்னால் ‘ரெண்டுல ஒன்னு’ என்று சொன்னேனே, அந்த இடத்தில்தான் தவறு. கடலூர்ப் பிள்ளைகளிடம் நம் பிள்ளைகளிடம் இல்லாத திறமை எதுவும் கிடையாது. அவர்களுக்குத் திடலிலிருந்து பயிற்றுநர், பயிற்றுநரிடமிருந்து கழகம், கழகத்திலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து ஒரு வேலை என்று ஒவ்வொரு படிக்கும் யாரோ ஒரு ஆள் நின்றிருக்கிறார். எங்கள் தோட்டத்தில் முதல் படியிலேயே நான் குறுக்கே நின்றேன்.

இந்த இடத்தில் கூட்டத்தை நிறுத்தி, உங்கள் கிளையில் இந்த ஒவ்வொரு படிக்கும் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். ‘சமுதாயம்’, ‘அரசாங்கம்’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. ஆள் பெயர் வேண்டும்.

வகுப்பில் பெரிய பையன் ஒருவன், “டீச்சர், பந்து ஆம்பளைங்க ஆட்டம்தானே, பொம்பளைங்க இப்பதானே ஆட ஆரம்பிச்சாங்க?” என்று கேட்டான். நல்ல கேள்வி. 1920 டிசம்பர் 26-ம் தேதி இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துக் குடிசன் பார்க் அரங்கில் ரெண்டு பெண்கள் குழுக்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அதில் ஒரு குழு தொழிற்சாலைப் பெண்கள். மறு வருஷமே அந்நாட்டுக் காற்பந்துச் சங்கம் தன் திடல்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. ஐம்பது வருஷம் அந்தத் தடை நீடித்தது. ஆக, ஆடத் தெரியாமல் நின்றுபோனதில்லை. நிறுத்தினார்கள். நம் நாட்டிலும் துங்கு அப்துல் ரஹ்மானின் துணைவியார் பெயரில் துன் ஷரிபா ரோட்சியா கிண்ணம் 1976-லேயே பெண்களுக்காக ஆரம்பித்தது. தேசியப் பெண்கள் குழுவுக்கு ஸ்டெஃபி சார்ஜ் கவுர் தலைமை தாங்கியிருக்கிறார். நமக்குத் தெரியவில்லை என்பதால் இல்லை என்றாகிவிடாது.

அடுத்த ஞாயிறு அந்த அப்பா வந்தார். அம்மாவும் கூட வந்திருந்தார். இந்துமதி படத்தைப் போனில் காட்டினேன், நீல ஜெர்சியில் ஒன்று, காக்கிச் சட்டையில் ஒன்று.

“எஸ்.ஐ.யா?” என்றார். ரெண்டாவது படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். “நம்ம ஊர்ல அப்படிக் கிடைக்குமா டீச்சர்?”

“உறுதி சொல்ல முடியாது அண்ணே” என்றேன். “பொய் சொன்னா நாளைக்கு நீங்கதான் என்னைக் கேப்பீங்க. ஆனா ஒன்னு சொல்றேன். பொதுப் பல்கலைக்கழகத்துக்கு மனு போடும்போது நூத்துல தொண்ணூறு மார்க்கு பரீட்சைக்கு, பத்து மார்க்கு புறப்பாட நடவடிக்கைக்கு. பள்ளிக்கூடத்துக்கு ஆடினா ஒரு மார்க்கு, மாவட்டம்னா கூட, மாநிலம்னா அதுக்கும் மேல. நம்ம புள்ளைங்க பல பேரு அரை மார்க்குல இடம் கிடைக்காம வெளிய நிக்குது. படிப்பு குறைஞ்சா அடுத்த தவணையே நிறுத்திடலாம், நானே சொல்றேன்.”

அவர் யோசித்தார். அம்மாதான் பேசினார். “காற்சட்டைக்கு உள்ள நீளமா ஒன்னு போட்டுக்கலாமாம், நான் கேட்டுட்டேன். அது பிரச்சினை இல்ல. ராத்திரியில வர்றதுதான்.”

இதுதான் முழு விஷயமும் என்று எனக்குப் பட்டது. காலுடையும் இல்லை, கௌரவமும் இல்லை. ஏழு மணிக்கு டவுனிலிருந்து தோட்டத்துக்கு வருகிற செம்பனைக்காட்டு இருட்டுப் பாதை. பஸ் கிடையாது. அப்பாவுக்குக் காலையில் நாலரைக்கு எழும்ப வேண்டும். இந்தியாவின் லீக், ஆசியக் கிண்ணம், ஒதுக்கீடு எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் பன்னிரண்டு கிலோமீட்டர் பாதைக்கு ஒரு காடி வேண்டியிருந்தது.

“செவ்வாய் நான் கூட்டிட்டு வரேன், வேலை முடிஞ்சு அந்தப் பக்கம்தான் வர்றேன்” என்றேன். “வியாழனுக்கு நம்ம கிளைச் செயலாளர் தம்பி வருவான். அவன் தங்கச்சியும் கூட வரும்.” செயலாளர் தம்பியைக் கேட்காமலேயே சொல்லிவிட்டேன். அப்புறம் கேட்டபோது, “சொல்லிட்டீங்கள்ல அக்கா, இனி என்ன” என்றான்.

ஒரு தவணைக்கு விட்டுப் பார்க்கலாம் என்று அப்பா சம்மதித்தார். ஒரே ஒரு தவணை என்று ரெண்டு முறை சொன்னார்.

போன செவ்வாய் கொஞ்சம் சீக்கிரமே போய், திடல் ஓரத்தில் என் பழைய வீராவை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் எனக்கு முழுசாகப் புரியாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று இப்போது தெரியும். பந்து தூரத்தில் இருக்கும்போதே அவள் வலது பக்கம் ஒரு தரம், இடது பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பந்து வந்தது, ஒரே தட்டு, போய்விட்டது. அதற்கப்புறம் நாலு முறை பறிகொடுத்தாள், அது வேறு கதை.

சேறு ஒட்டின சப்பாத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு காடியில் ஏறினாள். பாதி தூரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள், “டீச்சர், தேவாரப் போட்டிக்குப் பயிற்சி செவ்வாய்க்கிழமைனு சொன்னீங்களே?”

“சனிக்கிழமைக்கு மாத்திட்டேன்” என்றேன்.